சங்கு ஊதாதீங்க... பேனா கொடுங்க!

நான் எழுதின சிறுகதைக்கு முதல் பரிசு! காலேஜ் தமிழ் மன்றத்தில் ஒரு ஷீல்டு, ஒரு சர்ட்டிஃபிகேட், கூடவே பலத்த கைத்தட்டல். பெரம்பலூரிலிருந்து அரியலூர் பஸ்ஸில் அந்த ஷீல்டை மடியில் வச்சுக்கிட்டு ஜன்னல் சீட்டில் வந்தப்போ, அடுத்த சாகித்ய அகாடமி எனக்குத்தான்னு ஒரு நினைப்பு.

கதை யாரைப் பத்தி? எங்க சித்தப்பாவைப் பத்தி.

சித்தப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேக்காது. அதனால பேச்சும் வரலை. சின்ன வயசில் எங்க அப்பாயி அவர் நாக்கில் வசம்பு தேய்க்காத நாளில்லையாம். வேண்டாத சாமி இல்லையாம். இப்போ அவருக்கு வயசு நாற்பதைத் தாண்டியாச்சு. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி டெய்லர் கடை வச்சிருக்கார். அவர் வெட்டின ஜாக்கெட் கழுத்துக்கு எங்க தெருவே அடிமை. ஆனா ஊரில் அவருக்குப் பேர் 'ஊமையன்'. ரேஷன் கார்டில் நல்ல பேர் ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. 'கூப்பிட்டாலும் அவனுக்குக் கேக்கவா போகுது?' - இது ஊரோட சமாதானம்.

என் கதையில் அவர்தான் ஹீரோ. தீபாவளி ராத்திரி. ஊரே வெடி வெடிக்குது. அவர் மட்டும் கடைத் திண்ணையில் தனியா உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய வானத்தைப் பார்க்கிறார். 'அவன் உலகத்தில் என்றுமே அமாவாசை' என்று முடிச்சிருந்தேன். ஜட்ஜா வந்தவர் மேடையிலேயே கண் கலங்கிட்டார்னா பார்த்துக்குங்க!

நேரா கடைக்குப் போய் சித்தப்பாகிட்ட கதையை நீட்டினேன். பத்தாவது வரைக்கும் படிச்சவர். ஒவ்வொரு வரியா விரல் வச்சு மெதுவா படிச்சார். படிச்சு முடிச்சதும் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்தார். (அவர் காதுக்கு அந்த ஒரு வேலை உண்டுன்னு அவரே கிண்டல் பண்ணிக்குவார்.) கடைசிப் பக்கத்துக்குக் கீழே எழுதினார்:

"நான் அழுகை இல்லை. வெடி பார்த்தேன். நெஞ்சு சத்தம் வந்தது. டீ இரண்டு குடித்தேன். சந்தோஷம்."

எனக்கு முகத்தில் ஈ ஆடலை. அதை மறைக்க நான் பண்ணின காரியம் இருக்கே... பென்சிலை வாங்கி, 'அழுகை இல்லை' என்பதை அடிச்சுட்டு 'அழவில்லை' என்று திருத்தினேன். தமிழ் இலக்கியம் மூணாம் வருஷமாச்சே! அவர் அதைப் பார்த்தார். சிரிச்சார். திரும்பிப் போய் மெஷினை மிதிக்க ஆரம்பிச்சுட்டார்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. இருபது வருஷமா கூடவே இருக்கிற மனுஷன். அந்தத் தீபாவளிக்கு அவருக்கு எப்படி இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்காமலே எழுதி, பரிசும் வாங்கிட்டேன். யாருக்குக் காது கேக்கலை, சொல்லுங்க?

*

மறுநாள்லேருந்து ஒரு வேலையா இறங்கினேன். காது கேளாதவங்க நம்ம இலக்கியத்தில் எங்கே இருக்காங்க?

முதல்ல கண்ணில் பட்டது புறநானூறு 28ஆம் பாட்டு. பாடினவர் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், நம்ம திருச்சிக்காரர்தான். சோழன் நலங்கிள்ளிக்குப் புத்தி சொல்றப்போ எட்டு வகைக் குறைகளைப் பட்டியல் போடுறார். அதில் ஊமையும் உண்டு, செவிடும் உண்டு. இப்படிப் பிறப்பதில் ஊதியம் ஒண்ணும் இல்லைன்னு அறிஞர்கள் சொன்னதா சொல்றார். படிச்சதும் திக்குன்னு இருந்தது. திருக்குறளில் 42ஆம் அதிகாரம் 'கேள்வி'. அங்கே வள்ளுவர் வேற மாதிரி. நல்ல சொல் நுழையாத காது, சத்தம் கேட்டாலும் செவிட்டுக் காதுதான் என்கிறார். திட்டு வாங்குறது நாம. ஆனா திட்டுக்கு உவமை அவங்க!

அப்புறம் அந்தப் பழமொழி... செவிடன் காதில் ஊதிய சங்கு. அதில் நம்ம பரிதாபம் எல்லாம் மூச்சு வாங்க சங்கு ஊதினவன் மேலதான். எதிரில் நின்னவன் என்ன நினைச்சான்னு கேக்க ஒரு பழமொழி இல்லை.

வெளியூர்க் கதையும் இதேதான். ரஷ்யாவின் துர்கனேவ் எழுதின 'முமு'ங்கிற கதை 1854இல் வெளிவந்தது. காது கேளாத பண்ணையடிமை, எஜமானியம்மா உத்தரவுக்காகத் தன் செல்ல நாயைத் தானே ஆற்றில் மூழ்கடிக்கிறான். தாகூரின் 'சுபா' பேச முடியாத பொண்ணு. அதை மறைச்சுக் கல்யாணம் பண்ணி அனுப்பிடுறாங்க. அமெரிக்காவில் கார்சன் மெக்கல்லர்ஸ் 23 வயசில், 1940இல் வெளியிட்ட நாவலில் ஜான் சிங்கர்னு ஒருத்தன். ஊரே அவன்கிட்ட வந்து மனசைக் கொட்டும். தான் சொல்றது எல்லாம் இவனுக்குப் புரியுதுன்னு ஆளாளுக்கு முடிவு பண்ணிக்குவாங்க. அவன் மனசில் என்ன இருக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க. மூணுமே அருமையான கதைகள். மூணையும் எழுதினவங்க காது கேக்கிறவங்க.

சினிமாவை விடுவோமா? 1972இல் குல்ஸார் எடுத்த இந்திப் படம் 'கோஷிஷ்', 1977இல் கமல், சுஜாதா நடிச்சு 'உயர்ந்தவர்கள்' ஆச்சு. 2007இல் 'மொழி'. ஜோதிகா நடிப்புக்கு நான் இன்னும் ரசிகை. அங்கே பேச்சு வராத பெண்ணா வந்தவர் பேசுற நடிகை. 2009இல் வந்த 'நாடோடிகள்' படத்திலோ நேர் தலைகீழ். நிஜத்தில் காது கேளாத அபிநயா, பேசுற பெண்ணா நடிச்சார். வாயசைப்பு அவரது, குரல் வேறொருத்தரது. யோசிச்சா, ரெண்டு படத்திலும் நாம கேட்டது கேக்கிறவங்க குரலைத்தான்!

*

சரி, அவங்களே எழுதினது? பெரம்பலூர் புத்தகத் திருவிழாவில் ஸ்டால் ஸ்டாலா ஏறி இறங்கினேன். "அண்ணே, காது கேளாதவங்க எழுதின புத்தகம் இருக்கா?"

ஒரு அண்ணன் ரொம்ப நேரம் யோசிச்சு, முகமெல்லாம் சிரிப்பா ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினார். எம்.வி. வெங்கட்ராம் எழுதின 'காதுகள்'! 1993இல் சாகித்ய அகாடமி விருது வாங்கின நாவல். ஆனா அது யாரும் பேசாதப்பவும் காதுக்குள்ளே ஓயாம குரல்கள் கேட்டுக்கிட்டே இருக்கிற ஒரு மனுஷனோட கதை. நான் தேடினது கேக்காத காதை, கிடைச்சது ஓவரா கேக்கிற காது! (வாங்கிட்டேன். ராத்திரியில் தனியா படிக்காதீங்க.)

அடுத்த ஸ்டாலில் ஹெலன் கெல்லர் கிடைச்சாங்க. கண்ணும் காதும் இல்லாத அவங்க சுயசரிதை புத்தகமா வந்தது 1903இல். அப்போ அவங்க நம்மளை மாதிரி காலேஜ் ஸ்டூடண்ட்! 1955இல் இந்தியாவுக்கும் வந்து போயிருக்காங்க.

விஷயம் தெரிஞ்ச எங்க இங்கிலீஷ் மேடம், "தமிழ் ஸ்டால்லயே சுத்தினா எப்படிம்மா?"ன்னு சொல்லி சில பேரை அறிமுகப்படுத்தினாங்க. அதுக்கப்புறம் என் உலகமே மாறிப் போச்சு.

பியர் தெலோஜ். பாரிஸில் புத்தக பைண்டிங் வேலை செஞ்ச ஏழை. ஏழு வயசு வாக்கில் அம்மை வந்து காது போச்சு. 1779இல் ஒரு புத்தகம் போட்டார். காது கேளாதவர் ஒருவர் எழுதி வெளியான புத்தகங்களில் ரொம்பப் பழையதுன்னு அதைச் சொல்றாங்க. தன் சோகத்தைப் பாடவா எழுதினார்? இல்லை. சைகை உதவாதுன்னு ஒரு பாதிரியார் எழுதினதுக்குப் பதிலடி! பாரிஸில் நாங்க கையாலேயே எல்லாத்தையும் பேசிக்கிறோம், எங்க மொழிக்கு என்ன குறைச்சல்னு சண்டைக்கு நின்னிருக்கார்.

எமானுவேல் லபோரி. பிரெஞ்சு நடிகை. ஏழு வயசில்தான் சைகைமொழி கத்துக்கிட்டாங்க. 1994இல் வந்த சுயசரிதைக்குப் பேர் 'கடற்காகத்தின் கூவல்'. பிரெஞ்சில் கடற்காகம் என்ற சொல்லுக்கும் ஊமைப்பெண் என்ற சொல்லுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசமாம். தன்னைக் குறிக்கிற வசவை ஒரு எழுத்துப் போட்டுப் பறக்க விட்டுட்டாங்க!

இல்யா காமின்ஸ்கி. உக்ரைனின் ஒடெசாவில் பிறந்து, நாலு வயசில் கேட்கும் திறனைப் பெருமளவு இழந்தவர். இப்போ அமெரிக்கக் கவிஞர். 2019இல் வந்த அவரோட கவிதை நூலில் ஒரு ஊர். அங்கே ராணுவத்தான் ஒரு காது கேளாத பையனைச் சுட்டுக் கொல்றான். மறுநாள் காலையில் ஊரே செவிடாகிடுது. ராணுவம் போடுற உத்தரவு எதுவும் யாருக்கும் கேக்காது! நம்ம பழமொழியில் காது கேக்காதது ஏமாளித்தனம். இவர் கையில் அதுவே எதிர்ப்பு.

இவங்க எல்லாரையும் விட என்னை உலுக்கினவர் நம்ம நாட்டுக்காரர், மதன் வசிஷ்டா. இமாச்சலப் பக்கம் ஒரு கிராமம். 11 வயசில் காய்ச்சல் வந்து காது போச்சு. வைத்தியர், ஹக்கீம், சாமியார்னு குடும்பம் அலையாத இடமில்லை. (அப்பாயியோட வசம்பு ஞாபகம் வந்துச்சு!) பள்ளிக்கூடம் நின்னு போய், மாடு மேய்ச்சு ஏர் ஓட்டினார். வாலிபரானதும் போட்டோகிராபி படிக்க டெல்லி போறார். தன்னை மாதிரியே இருக்கிறவங்க கையால பேசிச் சிரிக்கிறதை அங்கேதான் பார்க்கிறார். 1967இல் அமெரிக்காவின் காலடெட் போறார். 1864இல் காது கேளாதவங்களுக்காகவே தொடங்கின காலேஜ் அது. பிறகு டாக்டர் பட்டம், பேராசிரியர் வேலை. இந்தியச் சைகைமொழியை ஆராய்ஞ்சு அகராதி தயாரிச்ச முன்னோடிகளில் ஒருத்தர். 'டெஃப் இன் டெல்லி' என்ற அவரோட சுயசரிதை 2006இல் வந்தது. படிங்க. அழுவீங்கன்னு சொல்லலை, விழுந்து விழுந்து சிரிப்பீங்க. அழுதுக்கிட்டே வானத்தைப் பார்க்கிற ஆள் அதில் இல்லவே இல்லை.

எனக்குப் புரிஞ்சது இதுதான். நாம அவங்களைப் பத்தி எழுதினா சத்தம் இல்லாததைப் பத்தி எழுதுறோம். அவங்க எழுதினா மொழியைப் பத்தி எழுதுறாங்க.

*

அப்போ ஏன் அப்படிப்பட்ட புத்தகங்கள் குறைச்சல்? திறமை இல்லாமலா?

1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்காக ஒரு மாநாடு. சைகையை ஒதுக்கிட்டு வாயால் பேசத்தான் கத்துக் கொடுக்கணும்னு தீர்மானம் போட்டாங்க. கூடியிருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒருவர்தான்னு பதிவுகள் சொல்லுது. அந்தத் தீர்மானம் உலகம் முழுக்கப் பள்ளிக்கூடங்களை ஆட்டி வச்சுது. அது தப்புன்னு அதே மாநாட்டுத் தொடர் வருத்தம் தெரிவிச்சது எப்போ தெரியுமா? 2010இல், கனடாவின் வான்கூவரில். 130 வருஷம் கழிச்சு!

நம்ம ஊரிலும் பள்ளிக்கூடங்கள் இருந்துச்சு. பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே தொடங்கிட்டாங்க. ஆனா மிலானோட நிழல் எங்கெல்லாம் விழுந்ததுன்னு சித்தப்பாகிட்ட கேட்டேன். (ஆமா, இந்த முறை கேட்டேன்!) அவர் படிச்சது வெளியூர் ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில். பேர் வேண்டாம். வகுப்பில் கை அசைச்சா ஸ்கேலால் முட்டியில் அடி. 'ப... ப... பா...'ன்னு உதட்டையே பார்த்துச் சொல்லணும். ஒரு வார்த்தைக்கு ஒரு மாசம். மொழி எங்கே கத்துக்கிட்டார்? ராத்திரி, ஹாஸ்டல் குண்டு பல்பு வெளிச்சத்தில். பெரிய பசங்க கை அசைக்க, சின்னப் பசங்க பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டாங்களாம். லைட்டை அணைச்சா பேச்சும் அணைஞ்சு போகும்.

அவருக்கு அங்கே ஒரு பேரும் கிடைச்சிருக்கு. தாடையில் ஒரு தழும்பு உண்டு. அதை ஒரு விரலால் கீறிக் காட்டினா சித்தப்பான்னு அர்த்தம். அவர் கூட்டாளிகள் ஒருத்தரும் அவரை 'ஊமையன்'னு கூப்பிட்டதில்லை.

அவர் எழுதின 'அழுகை இல்லை' இப்போ எனக்குப் புரிஞ்சது. சைகைமொழி கைஜாடை இல்லை, அதுக்குன்னு இலக்கணம் உள்ள முழு மொழின்னு அமெரிக்காவில் வில்லியம் ஸ்டோக்கி 1960இல் ஆராய்ஞ்சு எழுதினார். அங்கே நம்ம ஐ, ஆல், கு எல்லாம் ஒட்டு மாதிரி ஒட்டாது. யார் யாருக்குக் கொடுத்தாங்கங்கிறதைக் கை நகர்ற திசையே சொல்லிடும். 'என்ன', 'எங்கே' இந்தியச் சைகைமொழியில் கடைசியில் வரும். முகபாவம்கூட இலக்கணம். சைகையில் கவிதையும் உண்டு. ஒரே கைவடிவம் திரும்பத் திரும்ப வந்தா அதுதான் அவங்க எதுகை மோனை! அதாவது சித்தப்பாவுக்குத் தமிழ் ரெண்டாவது மொழி. அதைக் காதால் கேக்காம, கண்ணால் மட்டும் பார்த்துக் கத்துக்கிட்டவர். நான் பாட்டுக்குப் பென்சிலால் அடிச்சுட்டு வந்துட்டேன்.

இப்போ காலம் கொஞ்சம் மாறியிருக்கு. டெல்லியில் இந்தியச் சைகைமொழி ஆராய்ச்சி மையம் 2015இல் வந்தது. 2018இல் 3,000 சொற்களோட அவங்க போட்ட அகராதி, 2021இல் 10,000 சொற்களா வளர்ந்தது. பாடப் புத்தகங்களைச் சைகையில் வீடியோவாக்க 2020இல் என்.சி.இ.ஆர்.டி.யோட ஒப்பந்தம் ஆச்சு. செப்டம்பர் 23ஐ சர்வதேச சைகைமொழிகள் தினமா ஐ.நா. அறிவிச்சு, 2018 முதல் கொண்டாடுறாங்க. நம்ம சித்தப்பாக்களுக்கு லேட்டுதான். அடுத்து வர்ற பசங்களுக்கு லேட் ஆகக் கூடாது.

*

போன மாசம் சித்தப்பாகிட்ட ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். 'நீங்களே எழுதுங்க சித்தப்பா'ன்னு சைகை காட்டினேன். என் சைகை இன்னும் மழலைதான். 'எழுது'ன்னு நினைச்சு 'தை'ன்னு காட்டிட்டேனோ என்னவோ, ஜாக்கெட் துணியைக் கேட்டார்!

புரிஞ்சதும் தலையை ஆட்டி மறுத்தார். 'தப்பு வரும். நீ அடிப்பே' - பென்சிலால் கோடு போட்டு அடிக்கிற மாதிரி காட்டினார். எனக்குச் சுருக்குன்னுச்சு. அந்தப் பழைய ஸ்கேலும் என் பென்சிலும் ஒண்ணுதானே? அந்தக் கதைத்தாளைத் தேடி எடுத்துட்டுப் போனேன். என் திருத்தத்தை அவர் கண் முன்னாடியே ரப்பரால் அழிச்சேன். 'அழுகை இல்லை' திரும்ப அவர் எழுதின மாதிரியே நின்னுச்சு. அவர் ஒண்ணும் சொல்லலை. நோட்டை மட்டும் வாங்கி மெஷின் டிராயரில் போட்டுக்கிட்டார்.

ரெண்டு வாரம் கழிச்சு நோட்டைக் காட்டினார். முக்கால்வாசி அளவுக் கணக்கு. நடுவில் ஒரு பக்கத்தில் நாலே வரி:

"சிமெண்ட் லாரி வரும். காது தெரியாது. கால் தெரியும். நான் ஒதுங்கி நிற்பேன்."

அரியலூரில் இருக்கிறவங்களுக்குத் தெரியும், சுண்ணாம்புக்கல் ஏத்தின லாரி வந்தா ரோடு எப்படி அதிரும்னு. நான் இருபது வருஷமா அந்த ரோட்டில் நடக்கிறேன். என் காலுக்கு ஒரு நாளும் அது தெரிஞ்சதில்லை. ஹாரன் அடிச்சாத்தான் திரும்பிப் பார்ப்பேன்.

ஃப்ரெண்ட்ஸ், உங்க தெருவிலும் ஒரு சித்தப்பா இருப்பார். இல்லேன்னா உங்க காலேஜ்லயே கடைசி பெஞ்சில், சிரிக்கிற இடத்தில் அரை நொடி தாமதமா சிரிக்கிற ஒரு ஃப்ரெண்ட் இருப்பாங்க. அவங்க பேரை முதல்ல கேளுங்க. நாலு சைகை கத்துக்குங்க, அகராதி வீடியோவா உங்க செல்போனிலேயே கிடைக்குது. அவங்க எழுதினா இலக்கணத் தப்பைத் தேடாம விஷயத்தைப் படிங்க. கதை எழுதுற ஆசை இருந்தா, எழுதுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேளுங்க. எழுதின பிறகும் காட்டுங்க.

இந்தக் கட்டுரையையும் சித்தப்பாகிட்ட காட்டிட்டுத்தான் அனுப்புறேன். தன் பேரைப் போட வேண்டாம்னுட்டார். ரெண்டு இடத்தில் திருத்தம் சொன்னார். அதில் ஒண்ணு: 'டீ இரண்டு இல்லை, மூன்று.' அதை அப்படியே சேர்த்துக்குங்க.

அப்புறம் எனக்கும் ஒரு பேர் வச்சுட்டார். எப்பவும் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கிட்டே இருப்பேன். அதுதான் என் பேர். ஒரு விரலால் மூக்குத்தண்டில் ஒரு தட்டு!

ஷீல்டு ஷோகேஸில் தூசி படிஞ்சு கிடக்கு. கடையில் யாராவது என்னைக் கேட்டா, சித்தப்பா விரலை மூக்குக்குக் கொண்டு போவார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நிக்கிற எனக்கு அது அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும்.